கண்ணால் கண்டவர் வாசிக்கும் நூல்

(கொழும்பில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



விளையாட்டையும் சதுரங்கத்தையும் பற்றிய நூல்களை வாசகர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பேச விரும்புகிறேன் என்றபோது ஏற்பாட்டாளர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். இலக்கிய மேடைகளில் இந்தப் பொருளுக்கு இடம் கிடைப்பது அரிது. அதனால் அவர்களுக்கு என் முதல் நன்றி.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாவலை வாசிப்பவர் அந்தக் கதையை ஆசிரியர் சொல்லித்தான் அறிகிறார். விளையாட்டு நூலை வாசிப்பவர் அந்த ஆட்டத்தை ஏற்கெனவே மைதானத்திலோ தொலைக்காட்சியிலோ பார்த்திருப்பார், அல்லது வானொலியில் கேட்டிருப்பார். சதுரங்க நூலின் வாசகர் ஆட்டத்தைப் பார்த்திராவிட்டாலும் பலகையை விரித்து ஒவ்வொரு நகர்த்தலையும் தானே ஆடிப் பார்க்கலாம். ஆக, இந்த இரு வகை நூல்களுக்கும் வாசகர் ஒரு சாட்சி. அவர் சொல்லும் கருத்தை நூலோடு சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும். நம்மவரிடம் அந்தச் சாட்சியம் நிறையவே இருக்கிறது. ஆனால் அது பேச்சிலேயே கரைந்து போகிறது. இதனால் நமக்கு நேர்ந்த இழப்பு என்ன என்பதைச் சில உதாரணங்களோடு காட்டப் பார்க்கிறேன்.

1. தெரிந்த ஆட்டத்தை ஏன் மறுபடி வாசிக்கிறோம்?

சச்சின் டெண்டுல்கரின் தன்வரலாறு 2014 நவம்பரில் வெளிவந்தது. விற்பனையில் அது சாதனை படைத்தது. ஆனால் வாசித்து முடித்த பலர் ஒரே குறையைச் சொன்னார்கள். ஓட்டங்களும் தொடர்களும் எங்களுக்கு முன்பே தெரியும். 2000ஆம் ஆண்டில் இந்தியக் கிரிக்கெட்டை உலுக்கிய ஆட்ட நிர்ணயச் சூதாட்டம் பற்றி, அதே உடைமாற்றும் அறையில் இருந்தவர் ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்? இது நியாயமான கேள்வி. இதைக் கேட்டவர்கள் அந்த ஆட்டங்களை இரவு கண்விழித்துப் பார்த்தவர்கள். அவர்களிடம் இல்லாதது உள்ளே நடந்தது பற்றிய செய்தி மட்டுமே. அதை நாடித்தான் அவர்கள் புத்தகத்தை வாங்கினார்கள்.

விளையாட்டு வீரரின் தன்வரலாற்றைப் பற்றி ஒரு வாசகர் எழுதிய மிக ஆழமான முறைப்பாடு டேவிட் பொஸ்டர் வாலஸ் என்ற அமெரிக்க எழுத்தாளருடையது. ட்ரேசி ஆஸ்டின் 1979இல் 16 வயதில் அமெரிக்க ஓபன் டென்னிஸ் பட்டத்தை வென்றவர். வாலஸும் இளவயதில் டென்னிஸ் ஆடியவர், ஆஸ்டினைத் தன் தலைமுறையின் அதிசயமாகக் கண்டவர். ஆஸ்டினின் தன்வரலாற்றை ஆவலோடு திறந்த வாலஸ், பக்கத்துக்குப் பக்கம் தேய்ந்த சொற்களையே கண்டு மனம் நொந்தார். பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அந்தக் கணத்தில் மனத்தில் எதுவும் ஓடாமல் இருப்பதே அத்தகைய வீரரின் கொடையாக இருக்கலாம். அப்படியானால் அவரிடம் சொல்வதற்கும் எதுவும் இருக்காது.

இந்த முடிவில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. 2009இல் வெளிவந்த ஆந்த்ரே அகாசியின் தன்வரலாறு மறுபாதிக்குப் பதில். உலகின் முதல்நிலை வீரராக இருந்தவர், தான் டென்னிஸை வெறுத்ததாக அதில் எழுதினார். புலிட்சர் பரிசு பெற்ற மோரிங்கர் என்ற பத்திரிகையாளர் அவரோடு நீண்ட காலம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அதை வெளிக்கொணர்ந்தார். அகாசியின் ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்திருந்த வாசகருக்கு அந்த வெறுப்பு தெரிந்திருக்கவில்லை. வீரரிடம் சொல்ல நிறையவே இருக்கிறது. அவரிடமிருந்து அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

2. சதுரங்க நூல்: வாசகர் ஆசிரியரைத் திருத்தும் இடம்

இந்தப் பகுதியில் சற்று அதிக நேரம் நிற்கப் போகிறேன். வாசகர் கருத்துக்கு இவ்வளவு அதிகாரம் உள்ள வேறு இலக்கிய வகை எனக்குத் தெரியாது.

ஸ்டெபான் ஸ்வைக் தன் வாழ்வின் இறுதியில் எழுதிய சதுரங்கக் குறுநாவலை இங்கு சிலர் வாசித்திருப்பீர்கள். நாஜிகள் ஒரு வழக்கறிஞரை ஹோட்டல் அறையில் தனிமையில் அடைத்து வைக்கிறார்கள். புத்தகம் கிடையாது, தாள் கிடையாது, பேச ஆள் கிடையாது. விசாரணைக்குக் காத்திருக்கும் நேரத்தில், தொங்கும் ஓர் அங்கியின் பையில் புத்தகம் ஒன்று துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டு அதைத் திருடுகிறார். கதேயோ ஹோமரோ கிடைக்குமென்று நெஞ்சு படபடக்கத் திறந்தால், அது 150 சதுரங்க ஆட்டங்களின் தொகுப்பு. அவருக்கு முதலில் வருவது கோபம்தான். பின்னர் கட்டம் போட்ட படுக்கை விரிப்பைப் பலகையாக்கி, பாண் துணுக்குகளைக் காய்களாக்கி ஆடத் தொடங்குகிறார். சிறிது காலத்தில் பலகையும் தேவைப்படாமல் போகிறது. சதுரங்க நூலைப் பற்றி முதல் முறை வாசிப்பவர் சொல்வதும், பத்தாவது முறை வாசிப்பவர் சொல்வதும் எவ்வளவு வேறுபடும் என்பதை எந்த விமர்சனக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. வெறும் எழுத்தும் இலக்கமுமாகத் தெரியும் பக்கம், ஆடத் தெரிந்தவருக்கு இரண்டு மனங்களின் மோதலாகத் திறக்கிறது.

இனி உண்மை நிகழ்ச்சி ஒன்று. 1962இல் பல்கேரியாவின் வார்ணா சதுரங்க ஒலிம்பியாட்டில் அமெரிக்காவின் பொபி பிஷரும் அப்போதைய உலக சாம்பியன் போட்வின்னிக்கும் மோதினார்கள். பிஷர் கை ஓங்கியிருந்த நிலையில் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. சோவியத் அணி இரவு முழுவதும் ஆராய்ந்து சமநிலைக்கு வழி கண்டது. பிஷர் விடவில்லை. 1969இல் வெளிவந்த தன் 60 ஆட்டங்களின் தொகுப்பில் இந்த ஆட்டத்தைச் சேர்த்து, தான் வென்றிருக்க முடியும் என்று நகர்த்தல்களோடு வாதிட்டார். போட்வின்னிக் அந்த இறுதிக் கட்டத்தைத் தன் சதுரங்கப் பள்ளி மாணவர்களிடம் ஆராயக் கொடுத்தார். பிஷரின் வாதத்துக்கு மறுப்பாக ஒரு தற்காப்பைக் கண்டுபிடித்தவன் 13 வயதுச் சிறுவன். பெயர் காஸ்பரோவ்.

வாசகர் கருத்து என்பதற்கு இதைவிடத் தூய உதாரணம் எங்கே கிடைக்கும்? சிறுவன் ஒருவன் நூலை வாசித்தான், ஆடிப் பார்த்தான், ஆசிரியர் சொன்னது சரியல்ல என்று காட்டினான். ஆசிரியர் யார், அவர் புகழ் என்ன என்ற கேள்வியே அங்கு எழவில்லை. காலம் சுற்றி வந்து, அதே காஸ்பரோவ் தன் முன்னோரான சாம்பியன்களைப் பற்றிய பெருந்தொகுதிகளை 2003 முதல் வெளியிட்டபோது, வாசகர்கள் முதல் தொகுதியின் பகுப்பாய்வில் பிழைகளைத் தேடித் தேடி எடுத்துக் காட்டினார்கள். அது சரியான நடைமுறை என்றே நான் நினைக்கிறேன்.

வாசகரின் இந்த உரிமையைப் பதிப்பாளர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் பிஷரின் நூலே சான்று. 1995இல் லண்டன் பதிப்பகம் ஒன்று அதைப் புதிய குறியீட்டு முறைக்கு மாற்றியபோது ஆசிரியரின் எழுத்திலும் ஆய்விலும் கைவைத்தது. பிஷர் கடுமையாகக் கண்டித்தார். வாசகர்களும் அவர் பக்கமே நின்றார்கள். 2008இல் அதே பதிப்பகம் பழைய வாசகத்தை மீட்டு வெளியிட்டது. பிழையைச் சுட்டிக்காட்டுவது வாசகர் வேலை. ஆசிரியரின் பக்கத்தில் அதை அழித்து எழுதுவது வேறு காரியம்.

மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் நான் வாங்கிய ஒரு சதுரங்க நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டை கழன்றது, விலை சொற்பம். முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் ஓரம் முழுக்கக் குறித்திருந்தார். சில நகர்த்தல்களுக்கு எதிரே கேள்விக்குறி. ஓரிடத்தில் ஆசிரியர் வெற்றி என்று எழுதியதற்கு அருகே குதிரையின் மாற்று வழியொன்றை ஐந்து நகர்த்தல் ஆழத்துக்கு எழுதி, கீழே கோடும் இழுத்திருந்தார். நான் பலகையில் வைத்துப் பார்த்தேன். அவர் எழுதியது பொருந்தியது. பெயர் தெரியாத அந்தக் கொழும்பு வாசகர் நல்ல விமர்சகர். அவருடைய கருத்தை வாசித்த ஒரே ஆள் நானாக இருக்கக்கூடும் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்றைக்குக் கைத்தொலைபேசியிலுள்ள கணினி நிரல் பிஷரின் 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பை நொடியில் சோதித்துவிடும். இனிப் பழைய நூல்கள் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அந்த நகர்த்தல் சரியா என்ற கேள்விக்கு நூல் தேவையில்லைதான். பலகைக்கு முன்னால், கடிகாரம் ஓட, ஒரு மனிதர் ஏன் அப்படி எண்ணினார் என்பதை அறிய நூல் வேண்டும். நிரலிடம் அதற்குப் பதில் கிடையாது.

நகர்த்தல்களை நாமே எழுதி ஆடிப் பார்ப்பது என்ன தரும் என்பதற்கு விஸ்வநாதன் ஆனந்தின் சிறுவயது நினைவொன்று பொருத்தமானது. தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் சில காலம் மணிலாவில் இருந்தது. அங்கு பகல் வேளையில் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி ஒளிபரப்பாகும். மகன் பள்ளியில் இருப்பதால் தாய் சுசீலா ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். அடிக்கடி வென்றதால், வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்று நிகழ்ச்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவரின் பின்னால், நகர்த்தல்களைக் கையால் எழுதிய ஒரு தாய் இருந்தார். 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபின், எந்தப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று வெள்ளவத்தைப் பெற்றோரும் கேட்கிறார்கள். கபபிளாங்கா 1921இல் எழுதிய அடிப்படை நூலைத்தான் நான் சொல்வேன். அதில் சொல் குறைவு, பிள்ளை ஆடிப் பார்க்க வேண்டியது அதிகம். பிள்ளையோடு நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள்.

3. சதாசிவம்: எழுதப்படாத துடுப்பாட்டம்

ஷெஹான் கருணாதிலகவின் ‘சைனாமேன்’ நாவல் நம் ஊர் வாசகர்களைப் பற்றி ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. அதில் சாராயத்தால் உடல் கெட்ட முதிய விளையாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர், பிரதீப் மத்தியூ என்ற இடதுகைச் சுழற்பந்து வீச்சாளரைத் தேடி அலைகிறார். தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த மத்தியூவின் பெயர் பதிவேடுகளிலிருந்து மறைந்துபோயிருக்கிறது. நாவல் 2012இல் பொதுநலவாயப் பரிசு பெற்றது. பின்னர் கிரிக்கெட் ஆண்டேடான விஸ்டன் அதைக் கிரிக்கெட் நூல்களின் முன்வரிசையில் வைத்தது. மத்தியூ கற்பனைப் பாத்திரம். ஆனால் அவர் உண்மையில் இருந்தாரா என்று கேட்டவர்கள் ஏராளம். பழைய ஓட்டப் பட்டியல்களில் தேடியவர்களும் உண்டு.

வாசகர் ஏமாந்தார் என்று இதைச் சொல்லிவிடக் கூடாது. இப்படி ஒருவர் நம் நாட்டில் மறக்கப்பட்டிருக்கக்கூடும் என்பது அவர்களுக்கு இயல்பாகப் பட்டது. தமிழ் வாசகருக்கு அது இன்னும் இயல்பு. நமக்கு மகாதேவன் சதாசிவத்தைத் தெரியும்.

1915இல் பிறந்த சதாசிவம் தமிழ் யூனியன் கழகத்தின் துடுப்பாட்ட வீரர். 1947இல் சேப்பாக்கம் மைதானத்தில் அவர் எடுத்த 215 ஓட்டங்களைப் பற்றிச் சென்னையில் வெகுகாலம் பேசினார்கள். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பு ஓவலில் ஒரு நாள் ஆடியபோது இலங்கைக்குத் தலைவர் அவர்தான். ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யார்தான் இருந்தது என்று பிராட்மன் கண்டுபிடித்த அதே ஆட்டம். பின்னாளில் சதாசிவம் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார். தாம் கண்ட மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர்களுள் ஒருவராக மேற்கிந்தியத் தீவுகளின் பிராங்க் வோரெல் அவரைப் போற்றினார்.

இன்று சதாசிவத்தைப் பற்றிக் கடையில் ஒரு நூல் கேட்டால் கையில் கிடைப்பது பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ எழுதிய வழக்கு ஆய்வு. 1951 அக்டோபரில் பம்பலப்பிட்டியில் சதாசிவத்தின் மனைவி கொலையுண்டார். சதாசிவம் மீது வழக்குத் தொடரப்பட்டு, 1953இல் அவர் நிரபராதி என விடுவிக்கப்பட்டார். தடயவியல் மருத்துவ அறிஞர் ஒருவர் தன் துறையின் கண்ணால் அந்த வழக்கைக் கவனமாக ஆராய்ந்திருக்கிறார். அது மதிப்புள்ள நூல். வழக்குக்கு எழுத்தர் இருந்தார், தட்டச்சுப் பிரதி இருந்தது, சாட்சியங்கள் வரிசை இலக்கத்தோடு கோப்பில் இருந்தன. துடுப்பாட்டத்துக்கு ஓட்டப் பட்டியலும் பத்திரிகைக் குறிப்புகளும் கிழவர்களின் பேச்சும்தான் இருந்தன. சதாசிவம் பந்தைத் தாமதமாக வெட்டும் அழகைக் கைத்தடியால் நடித்துக் காட்டிய ஒரு பெரியவரை நான் இளவயதில் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டு எப்போது திரும்பியது, கால் எங்கே நின்றது என்பதெல்லாம் அவர் உடம்பில் இருந்தது. தாளில் ஒரு வரிகூட அவர் எழுதவில்லை.

இதே நிலையில் மேற்கிந்தியத் தீவுகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட தன் கிரிக்கெட் நூலில் வில்டன் செயின்ட் ஹில் என்ற திரினிடாட் வீரருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். 1928 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் படுதோல்வி கண்டவர் அவர். இலக்கங்களை மட்டும் பார்த்தால் அவரை யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் எல்லைக்கோட்டருகே நின்று அவரைப் பார்த்த ஜேம்ஸ், அந்த ஆட்டம் சாதாரண திரினிடாட் மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதை எழுதினார். அந்த அத்தியாயத்தால் செயின்ட் ஹில் இன்றும் வாழ்கிறார். சதாசிவம் அவரைவிடப் பெரிய வீரர். அவரைப் பார்த்தவர்களில் ஒருவர் பேனாவை எடுத்திருந்தால் போதும்.

4. தமிழ்ப் புனைவு

தமிழில் விளையாட்டைச் சொல்லத் தெரியாமல் இல்லை. சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ ஒரே பிற்பகலின் மாடு அணைதலைச் சொல்கிறது. காளையின் திமிலைத் தொட்டே பார்த்திராத கொழும்பு வாசகரும் அதை மூச்சுப் பிடித்து வாசிக்கிறார். சுஜாதா ‘நிலா நிழல்’ நாவலில் கிரிக்கெட் மோகம் கொண்ட இளைஞனை எழுதினார். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலில் செகந்திராபாத் இளைஞனின் கிரிக்கெட்டும் நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களும் பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கின்றன. மொழிக்கு வலு இருக்கிறது என்பதற்கு இவை போதும். புனைவல்லாத எழுத்தில்தான் பஞ்சம்.

5. என்ன செய்யலாம்?

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான ‘வடக்கின் பெரும் போர்’ என்ற கிரிக்கெட் ஆட்டம் 1904இலிருந்து நடந்து வருகிறது. உள்நாட்டுப் போர்க்காலம் சில ஆண்டுகளைத் தின்றது. இப்படியான பெரும் ஆட்டங்களுக்கு மலர்கள் வெளியிடுகிறோம். அதிபர் ஆசிச் செய்தி, விளம்பரங்கள், முன்னாள் தலைவர்களின் பட்டியல், பழைய முடிவுகள் எல்லாம் மலரில் இருக்கும். ஓர் ஆட்டத்தைப் பார்த்தவர் அதைப் பற்றி எழுதிய நான்கு பக்கத்தை அபூர்வமாகத்தான் காண்கிறோம். மலர்க் குழுவினர் ஒவ்வோர் ஆண்டும் அதற்கென நான்கு பக்கங்களை ஒதுக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். அப்படி வரும் மலர்களின் ஒரு பிரதி எண்ணிம நூலகத்துக்கும் போக வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம், ஒரே அலுமாரியை நம்பி இருக்கக் கூடாது.

நூலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு, சதுரங்க நூல்களின் பின்னட்டை உள்பக்கத்தில் வெற்றுத் தாள் ஒன்றை ஒட்டுங்கள். வாசகர் தேதியிட்டுத் தன் கருத்தை எழுதட்டும்: இந்த ஆட்டத்தை நான் பார்த்தேன், ஆசிரியர் சொல்வது சரி, அல்லது, இந்த நகர்த்தலுக்கு மாற்று வழி உண்டு. மருதானையில் எனக்குக் கிடைத்த பென்சில் குறிப்புகள் போன்றவை அந்தத் தாளில் சேரட்டும். அச்சிட்ட பக்கத்தில் கிறுக்குவதற்கு நூலகர்கள் தரும் தண்டனையும் மிச்சமாகும்.

மூன்றாவது, உயிரோடு இருப்பவர்களைக் கேட்பது. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2024இல் மறைந்தார். அவரோடு மைதானத்தில் நின்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 2011 உலகக் கிண்ணத்தில் எதிரணிகளைத் திகைக்க வைத்த வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் நம்மிடையே இருக்கிறார். அகாசிக்குக் கிடைத்ததுபோலப் பொறுமையாக உட்கார்ந்து கேட்கும் ஒருவர் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும். இந்த அவையிலுள்ள இதழியல் மாணவர்களைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கடைசியாக, இன்றைக்கே தொடங்கக்கூடிய ஒன்று. 1982 பெப்ரவரி 17இல் இலங்கையின் முதல் டெஸ்ட் ஆட்டம் பொரளையில், தமிழ் யூனியனின் பி. சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. இரண்டாம் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 என்றிருந்த இலங்கை, கடைசி ஏழு விக்கெட்டுகளை 8 ஓட்டங்களுக்கு இழந்து 175இல் சுருண்டது. ஜோன் எம்புரி 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். பட்டியலில் இவ்வளவும் இருக்கிறது. அந்த நேரத்தில் அரங்கின் எந்தப் பக்கம் அமைதியானது, யார் எழுந்து போனார்கள், பக்கத்திலிருந்தவர் என்ன சொன்னார் என்பது பட்டியலில் இல்லை. அன்று அங்கே இருந்தவர்கள் இந்த மண்டபத்தில் மூன்று நான்கு பேராவது இருப்பீர்கள். வாசலில் தேநீர் மேசைக்கு அருகே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் பெயரையும் எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த மாதம் மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கு வருவார்கள்.